தாளம் தட்டிப் பிழைக்க முடியுமா?

சென்ற தை மாதத்தில் வடமாலபேட்டையில் நடைபெற்ற ஒரு திருமண வரவேற்பிற்குச் சென்றிருந்தோம். பெண் வீட்டார் தமிழர். பிள்ளை வீட்டார் தெலுங்கர். நம் வட்டாரத்தில் இது புதுமையன்று. ஆகவே மேடையில் அமர்ந்திருந்த மெல்லிசைக் குழுவினர் ஒரு பாட்டைத் தமிழிலும் அடுத்ததைத் தெலுங்கிலும் மாறி மாறிப் பாடி இரு வீட்டாரையும் மகிழ்வித்தனர். விருந்தினர் யாவரும் பாடகரையும் பாடகியையும் பார்த்துக்கொண்டிருக்க, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மட்டும் மேடையின் பின்புறம் சென்று, டிரம்ஸ் வாசிப்பவரின் அருகே நின்று, அவருடைய கைகளையும் கால்களையும் இமை கொட்டாமல் நோக்கிக்கொண்டிருந்தான். பந்திக்கு அழைத்தபோதும் அவன் வரவில்லை.

அவனுடைய தந்தையார் நம் சங்கத்து அன்பர். பிழைப்பை நாடி வேலூர்ப் பக்கத்திலிருந்து இவ்வூருக்குக் குடிவந்தவர். உணவு முடிந்து தாம்பூலம் தரித்துக்கொண்டிருந்த வேளையில் அவர் நம்மிடம் மெல்லக் கேட்டார்: "ஐயா, டிரம்ஸ் வாங்கித் தரும்படி இவன் ஆறு மாதமாக என்னை நச்சரிக்கிறான். படிப்பில் குறையொன்றுமில்லை. ஆனால் தாளம் தட்டியே வாழ்வேன் என்கிறான். தாளம் தட்டிப் பிழைக்க முடியுமா? நாலும் தெரிந்த தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

அன்று நம்மால் சட்டென்று விடை கூற இயலவில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து, ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு இக்கேள்வி விளையாட்டன்று. ஆகவே அத்தொழிலின் வரலாற்றை ஒருவாறு விசாரித்தறிந்து, நமக்குத் தோன்றிய விடையை இங்கே எழுதுகிறோம். அந்த அன்பருக்கு மட்டுமன்றி, வீட்டுப் பாத்திரங்களிலெல்லாம் தாளம் போடும் பிள்ளைகளைப் பெற்ற பிற அன்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பின்வரிசைக் கலைஞர்

திரைப்படப் பாட்டு ஒன்றைக் கேட்டதும் நாம் பாடியவர் பெயரைச் சொல்கிறோம். இசையமைத்தவர் பெயரைச் சொல்கிறோம். சிலர் பாட்டெழுதிய கவிஞர் பெயரையும் சொல்வர். ஆனால் அப்பாட்டில் வயலின் இசைத்தவர் யார், புல்லாங்குழல் ஊதியவர் யார், தாளம் வாசித்தவர் யார் என்று கேட்டால் நூற்றில் ஒருவர்கூட விடை கூறமாட்டார். இவர்கள் எந்த ஓர் இசையமைப்பாளருக்கும் நிலையான ஊழியர் அல்லர். அழைப்பு வந்த இடத்திற்குச் சென்று, எழுதித் தந்த இசையை வாசித்து, அன்றைய கால்ஷீட்டுக்குரிய ஊதியத்தைப் பெற்றுத் திரும்புவர். மறுநாள் வேறொரு கூடம், வேறொரு பாட்டு. இவர்களே ஒலிப்பதிவு வாத்தியக்காரர்கள்.

இவ்வேலை எளிதென்று எண்ணுதல் பிழையாகும். ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் இசைக்க வேண்டியிருந்தது. நாற்பது பேரில் ஒருவர் தவறினாலும் பாட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அவர்களுள் தாளக்காரரின் பொறுப்பு மிகப் பெரிது. வயலின்காரர் ஒருவர் சற்றே பிசகினால் உடன் வாசிப்போர் அதை மறைத்துவிடலாம். தாளம் பிசகினாலோ மறைக்க இடமில்லை. கட்டடத்திற்கு அடித்தளம் போன்றது தாளம். அடித்தளத்தை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அது சரிந்தாலோ கட்டடமே நில்லாது.

டிரம்ஸ் என்னும் வாத்தியத்தின் வரலாறும் சுவையானது. மேனாட்டுப் பாண்டு வாத்தியக் குழுக்களில் பெரிய முரசுக்கு ஒருவர், சிறு முரசுக்கு ஒருவர், தாளத்தட்டுக்கு ஒருவர் என்று பலர் இருந்தனர். 1909-ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் லுட்விக் என்பார் பெரிய முரசைக் காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய மிதிகருவிகள் பரவியபின் மூவர் வேலையை ஒருவரே நாற்காலியில் அமர்ந்தபடி செய்வது எளிதாயிற்று. இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு கணக்கில் இயங்க வேண்டும். அவை நான்கும் ஒரே மனத்துக்கு அடங்க வேண்டும். வரவேற்பு மேடையில் அந்தப் பையன் கண்டு வியந்தது இந்த வித்தையைத்தான்.

தந்தையின் வழியில் ஒரு மகன்

இத்தொழிலின் ஏற்றத்தையும் இடரையும் அறிய விரும்புவோர் திரு. சிவமணியின் வாழ்க்கையை நோக்குதல் தகும். அவர் 1959-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாள் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தையார் எஸ். எம். ஆனந்தன் திரைப்பட இசைக் குழுக்களில் தாள வாத்தியம் வாசித்து வந்தவர். சிவமணி ஏழாம் வயதில் குச்சியைக் கையிலெடுத்தார்; பதினோராம் வயதிலேயே தொழில்முறையில் வாசிக்கத் தொடங்கினார். பிற பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் பந்து விளையாடிய பருவத்தில் அவர் மெல்லிசை மேடைகளில் தாளக்காரராக அமர்ந்தார். பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவருக்கு இளமையிலேயே மேடை தந்து ஆதரித்தார். அந்த அன்பைச் சிவமணி பல இடங்களில் நன்றியுடன் நினைவு கூர்ந்திருக்கிறார்.

சென்னையில் டிரம்ஸ் வாசிப்பில் பேர்பெற்று விளங்கிய நோயல் கிராண்டும், பனாமாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பில்லி காபமும் அவருக்கு வழிகாட்டும் விளக்குகளாயினர். ஒருவர் அருகிலிருந்த ஆசான். மற்றவர் இசைத்தட்டின் வழியே கிடைத்த ஆசான். இவ்விருவர் வழியே மேனாட்டு டிரம்ஸின் இலக்கணத்தைக் கற்ற சிவமணி, நம் நாட்டுக் கடத்தையும் கஞ்சிராவையும் உடுக்கையையும் கைவிட்டாரில்லை. மேனாட்டு முரசுக்கு நடுவே உடுக்கை ஒலிப்பதும், தண்ணீர்க் குடம் தாளம் சொல்வதும், பயணப் பெட்டியே வாத்தியமாவதும் அவருக்கே உரிய வழக்கங்கள் ஆயின.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். தந்தை அதே தொழிலில் இருந்தமையால் சிவமணிக்கு வாசல் திறந்திருந்தது. எந்தக் கூடத்தில் எப்போது ஒலிப்பதிவு, யாரைச் சென்று காண வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரியவந்தன. வடமாலபேட்டையிலோ நகரியிலோ பிறந்த பிள்ளைக்கு அவ்வாசல் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. சென்னை நமக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால்தான். ஆனால் கோடம்பாக்கத்தின் கதவு அதனினும் நெடுந்தொலைவில் உள்ளது.

கதவுக்கு அப்பால் இருந்த துன்பம்

கதவைத் திறந்து உள்ளே சென்றவர்கள் எல்லோரும் சுகமாக வாழ்ந்தனரா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். திரு. ஏ. ஆர். ரஹ்மானின் தந்தையார் ஆர். கே. சேகர், பிற இசையமைப்பாளர்களுக்கு வாத்திய இசையை ஒழுங்குபடுத்தித் தந்த வல்லவர்; மலையாளப் படங்களுக்குத் தாமே இசையமைத்தவர். 1976-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. குடும்பத்திற்கு மிஞ்சியவை அவர் வாங்கி வைத்திருந்த வாத்தியங்களே. அவற்றை வாடகைக்கு விட்டு அக்குடும்பம் வாழ்ந்தது. பின்னர் அச்சிறுவனே பிள்ளைப் பருவத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்று கீபோர்டு வாசித்துப் பொருளீட்டினான். பேரும் திறமும் பெற்றிருந்த ஒரு கலைஞரின் இல்லத்திலேயே நிலை இதுவெனின், பின்வரிசையில் பெயரின்றி அமர்ந்திருந்தோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

உழைத்த நாளுக்கு ஊதியம். உழைக்காத நாளுக்கு வெறுங்கை. நோய்க்கு விடுப்பில்லை, முதுமைக்கு ஓய்வூதியமில்லை. ஒரு பாட்டு ஆயிரம் முறை ஒலித்தாலும், அதில் தாளம் வாசித்தவர் பெறுவது முதல் நாள் வாங்கிய தொகை ஒன்றே. இதுவே நெடுங்காலம் இத்தொழிலின் நியதியாய் இருந்தது.

சித்தூரில் பிறந்த ஒரு செம்மல்

இந்நியதியை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையான ஒருவர் நம் சித்தூரில் பிறந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவரே எம். பி. சீனிவாசன். 1925-ஆம் ஆண்டில் சித்தூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமைக் கருத்துகளில் ஈடுபட்டார். 1960-ஆம் ஆண்டில் நிமாய் கோஷ் இயக்கத்தில் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' என்னும் தமிழ்ப் படத்திற்கு இசையமைத்தார். மறு ஆண்டில் அவர் இசையமைத்த 'கால்பாடுகள்' என்னும் மலையாளப் படத்திற்காகவே கே. ஜே. யேசுதாஸ் தம் முதல் திரைப்பாட்டைப் பாடினார். பிற்காலத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களுக்கும் இசை தந்தார். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, இலட்சிய வேட்கை கொண்ட இளைஞர்களை ஒரே குரலாய்ப் பாடச் செய்தார். 1988-ஆம் ஆண்டு இலட்சத்தீவில் அவர் உயிர் பிரிந்தது.

இத்தனை சிறப்புகளுக்கும் மேலாக நாம் அவரைப் போற்றுவதற்கு வேறொரு காரணம் உண்டு. சென்னையில் திரைப்பட வாத்தியக்காரர்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைவதற்கு முன்நின்று பாடுபட்டவர் அவரே. இசையமைப்பாளர் என்ற முறையில் அவர் வாத்தியக்காரர்களை வேலைக்கு அழைக்கும் இடத்தில் இருந்தவர். அழைக்கும் இடத்தில் இருந்தவரே அழைக்கப்படுவோரின் பக்கம் நின்றார். பாடகரும் கவிஞரும் தத்தம் பெயரைச் சொல்லி ஊதியம் பேசிக்கொள்ளலாம். இருபது வயலின்களுள் ஒருவராய் அமர்ந்திருப்பவர் யாரிடம் சென்று பேசுவார்? தனித்து நின்றால் அவரை விலக்கி இன்னொருவரை அழைப்பது எளிது. ஒன்றாய் நின்றால் எளிதன்று. வேலை நேரத்திற்கு ஒரு வரம்பும் ஊதியத்திற்கு ஒரு வரையறையும் வேண்டும் என்று கேட்கும் துணிவு அவர்களுக்குச் சங்கத்தால்தான் பிறந்தது.

நம் போன்ற குடியேறிகளின் சங்கத்திற்கும் இதில் பாடம் உண்டு. அயலூரில் தனித்தனியே நிற்கும்வரை நாம் வாடகைக்காரர். கூடி நின்றால் ஊரார். சித்தூரின் மைந்தர் ஒருவர் அதே பாடத்தைக் கோடம்பாக்கத்தில் நடத்திக் காட்டினார்.

இயந்திரம் புகுந்த கதை

நிற்க. ஊதியத்திற்கு வரையறை ஏற்பட்டபின், எதிர்பாராத திசையிலிருந்து வேறொரு சோதனை வந்தது. 1980-ஆம் ஆண்டில் ரோஜர் லின் என்னும் அமெரிக்கர் மெய்யான முரசுகளின் ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தியவுடன் தாளமாய் ஒலிக்கும் இயந்திரம் ஒன்றை வெளியிட்டார். அது உண்பதில்லை, உறங்குவதில்லை, கால்ஷீட் கேட்பதில்லை, தாளமும் தவறுவதில்லை. அதன் பின் கணிப்பொறியும் வந்து சேர்ந்தது. நாற்பது பேர் வாசித்த இசையை நால்வர் கொண்டு முடிக்கலாம் என்ற நிலை தோன்றிற்று.

இத்தகைய இடி இசைக் கலைஞர்களின் தலையில் விழுந்தது இது முதன்முறையன்று. பேசாப் படங்கள் ஓடிய காலத்தில் அமெரிக்கப் படக் கொட்டகைகள்தோறும் வாத்தியக்காரர்கள் அமர்ந்து படத்திற்கேற்ப இசைத்தனர். 1927-ஆம் ஆண்டிற்குப் பிறகு பேசும் படம் பரவவே, சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களுடைய சங்கம் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து வாதாடியும் பயனில்லை. ஆனால் அதே பேசும் படமே நம் நாட்டில் 1931-ஆம் ஆண்டு முதல் ஆயிரமாயிரம் வாத்தியக்காரர்களுக்குப் புதிய வாழ்வையும் தந்தது. பழைய கதவை அடைத்த இயந்திரம் புதிய கதவு ஒன்றையும் திறந்தது. ஆனால் அடைபட்ட கதவின் முன் நின்றவரும், திறந்த கதவின் வழியே நுழைந்தவரும் வேறு வேறு மனிதர். இதை மறந்துவிட்டு முன்னேற்றத்தைப் பாடுவது அறமாகாது.

1992-ஆம் ஆண்டு 'ரோஜா' படம் வெளிவந்தது. கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில், கீபோர்டும் கணிப்பொறியும் துணையாகக் கொண்டு ரஹ்மான் உருவாக்கிய புதிய ஒலி நாடெங்கும் பரவியது. பெரிய கூடத்தில் முழுக் குழுவை அமர்த்திப் பதிவு செய்யும் வழக்கம் அதன் பின் படிப்படியாய்க் குறைந்தது. தலைமுறை தலைமுறையாய் வாசித்து வந்தோர் பலருக்கு அழைப்புகள் அருகின. சிலர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சென்றனர். சிலர் திருமண மேடைகளை நாடினர். சிலர் வாத்தியத்தையே மூடி வைத்தனர்.

அவ்வாறாயின் சிவமணி எங்ஙனம் நிலைத்தார்? இவ்வினாவில்தான் நாம் தேடும் விடை அடங்கியிருக்கிறது. ரஹ்மானும் சிவமணியும் இளமை முதலே நண்பர்கள்; 'ரூட்ஸ்' என்னும் குழுவில் ஒன்றாய் வாசித்தவர்கள். நட்பு துணை செய்திருக்கலாம். ஆயினும் நட்புக்காக ஒரு பாட்டில் வாய்ப்புத் தரலாம். முப்பது ஆண்டுகள் எவரும் தரமாட்டார். இயந்திரம் சரியான தாளத்தைச் சொல்லும். ஆனால் எந்த இடத்தில் தாளம் சற்றே மூச்சு வாங்க வேண்டும், எந்த இடத்தில் குடத்தின் ஒலி வந்து கேட்போரைத் திடுக்கிடச் செய்ய வேண்டும் என்பதை இயந்திரத்திற்கு மனிதனே கற்பிக்க வேண்டும். இயந்திரம் செய்யக்கூடியதையே தாமும் செய்தவர்களின் இடத்தை அது எளிதில் பறித்தது. தமக்கென ஒரு கையெழுத்து உடையவர்களைத் தேடி அழைக்க வேண்டியிருந்தது. சிவமணியின் கைக்கு ஒரு கையெழுத்து உண்டு.

பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு

1990-ஆம் ஆண்டில் பம்பாயின் ரங்க பவன் அரங்கில் ஜாகிர் உசேன், திரிலோக் குர்த்து போன்ற தாள மேதைகளுடன் மேடையைப் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பாடகருக்குப் பின்னே அமர்ந்திருந்த தாளக்காரர், தாளத்தைக் கேட்பதற்கென்றே கூடிய அவையின் முன் அமர்ந்தார். அதன் பின் உலக நாடுகள் பலவற்றில் அவருடைய குச்சிகள் பேசின. 2008-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகள் தொடங்கியபோது, சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை அணிக்கு ஊக்கமூட்டி அவர் முழக்கிய முழக்கத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்டு துள்ளினர்.

2014-ஆம் ஆண்டில் 'அரிமா நம்பி', 2016-ஆம் ஆண்டில் 'கணிதன்' ஆகிய தமிழ்ப் படங்களுக்கு அவரே இசையமைத்தார். பிறர் எழுதித் தந்ததை வாசித்தவர், பிறர் வாசிக்கத் தாமே எழுதலானார். தந்தையாரோடு கூடத்தின் மூலையில் தொடங்கிய பயணம் அது. 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. பாடகரும் நடிகரும் பெறும் அத்தகைய விருதை ஒரு டிரம்ஸ் கலைஞர் பெற்ற நாள், பெயரின்றி மறைந்த எத்தனையோ தாளக்காரர்களுக்கும் சேர்த்து வழங்கப்பட்ட நாள் என்றே நாம் கொள்கிறோம்.

தாளக்காரர் இசையை ஆளும் பணிக்கு உயர்வது தற்செயலன்று. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், அக்குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 2020-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது இசையுலகம் வருந்தியது. பாட்டின் வேகம் எவ்வளவு, எங்கே ஏற வேண்டும், எங்கே தணிய வேண்டும், எத்தனை அளவுக்குப் பின் பல்லவி திரும்ப வேண்டும் என்னும் கணக்கெல்லாம் தாளக்காரரின் உள்ளங்கையில் இருக்கின்றன. இக்காலத்தில் இசைத் தயாரிப்பாளர் என்று வழங்கப்படுபவர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. திரைப்படத் தயாரிப்பாளரைப் போல் இவர் பணம் போடுபவர் அல்லர். ஒரு பாட்டின் ஒலியை முதல் தட்டு முதல் இறுதிக் கலவை வரை உருவாக்கித் தருபவர். தாளம் அறிந்தவர் கணிப்பொறியையும் கற்றுக்கொண்டால் இப்பணி அவருக்குக் கைகூடும்.

பெயர் என்பது அலங்காரமன்று

அமெரிக்காவில் ஹால் பிளெய்ன் என்னும் டிரம்ஸ் கலைஞர் இருந்தார். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் அவரும் அவருடைய தோழர்களும் வாசித்த பாட்டுகள் எண்ணிலடங்கா. அவர் தாளம் வாசித்த ஏறக்குறைய 40 பாட்டுகள் அந்நாட்டு விற்பனையில் முதலிடம் பெற்றன. ஆயினும் இசைத்தட்டின் உறையில் பெரும்பாலும் அவர் பெயர் இராது. வேறொரு குழுவே வாசித்ததாக மக்கள் நம்பிய பாட்டுகளும் அவற்றுள் உண்டு. 2000-ஆம் ஆண்டில்தான் ராக் இசைப் பெருமக்கள் மன்றத்தில் பக்கவாத்தியக்காரர்களுக்கென ஒரு பிரிவு ஏற்படுத்தி அவரைச் சேர்த்துக்கொண்டனர். அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

பெயர் என்பது வெறும் பெருமைக்காக மட்டும் என்று எண்ண வேண்டா. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் முதலில் பாடுவோரையும் வாசிப்போரையும் கருதவில்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நிகழ்த்துக் கலைஞருக்கு உரிமை என்னும் கருத்து இடம்பெற்றது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மேலும் விரித்தது. ஆனால் அத்திருத்தத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விதி உள்ளது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு சிறிதாகவும் தற்செயலானதாகவும் இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிக்கப்படாதிருப்பின், பெரும்பாலான உரிமைகளுக்கு அவர் நிகழ்த்துக் கலைஞராகக் கருதப்படமாட்டார். பெயர்ப் பட்டியல் உரிமையின் வாசலிலேயே நிற்கிறது என்பது இதனால் விளங்கும். ரஹ்மான் தம் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்ட வழக்கத்தை நாம் மனமாரப் பாராட்டுவது இக்காரணத்தாலேயே.

அன்பருக்கு நம் விடை

இனி நம் அன்பரின் கேள்விக்கு வருவோம். தாளம் தட்டிப் பிழைக்க முடியுமா? முடியும், ஆனால் தட்ட மட்டும் தெரிந்தவருக்கு இனி முடியாது. சிவமணியின் புகழைக் கண்டு மயங்கிப் பிள்ளையை அனுப்புவதும் தவறு. பெயரின்றிப் போனவரை நினைத்து அஞ்சித் தடுப்பதும் தவறு. நமக்குத் தோன்றுவன இவை:

முதலாவதாக, உடனே விலையுயர்ந்த டிரம்ஸ் வாங்க வேண்டா. ரப்பர்ப் பலகை ஒன்றும் ஒரு சோடிக் குச்சியும் ஓராண்டுக்குப் போதும். அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழி தாளக்காரருக்கென்றே பிறந்ததோ என்று தோன்றுகிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம் அப்பலகையில் சலியாது அடிக்கும் பிள்ளைக்கே முரசின் மேல் உரிமை உண்டு. சலித்துவிட்டால் அதையும் குறைந்த செலவில் அறிந்துகொண்டோம் என்று மகிழலாம். உண்மையான டிரம்ஸ் வந்தபின் செவியைக் காக்க அடைப்பான் அணிந்தே பழக வேண்டும். செவியே இத்தொழிலின் முதல்.

இரண்டாவதாக, கை பேசுமுன் வாய் பேசக் கற்பிக்க வேண்டும். 'தகிட' என்று மூன்றையும் 'தகதிமி' என்று நான்கையும் வாயால் சொல்லி, கையால் தாளம் போடப் பழகிய பிள்ளைக்கு மேனாட்டுக் கணக்கு எளிதில் வசப்படும். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேசுவரா இசை நடனக் கல்லூரி இருக்கிறது. மிருதங்க ஆசான்மார்க்கு அங்கே குறைவில்லை. கங்கையம்மன் திருவிழாவில் ஒலிக்கும் பறையும், திருத்தணி ஆடிக் கிருத்திகையில் முழங்கும் பம்பையும் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்கள். சிவமணி உடுக்கையைக் கைவிடாததன் பொருள் இதுவே. தன் ஊரின் ஒலி கையில் இருப்பவனே உலக மேடையில் தனித்துத் தெரிவான்.

மூன்றாவதாக, மேனாட்டு இசைக் குறியீட்டைப் படிக்க அவன் கற்றாக வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒத்திகைக்கு நேரம் தரமாட்டார். தாளை வைத்தவுடன் வாசிக்க வேண்டும். டிரம்ஸ் வாசிப்பில் படிப்படியான தேர்வுகளை இலண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிறது. சென்னையில் 2008-ஆம் ஆண்டில் ரஹ்மான் நிறுவிய இசைக் கல்லூரியும் உள்ளது. அத்துடன் கணிப்பொறியில் ஒலியைப் பதிந்து, கோத்து, கலக்கும் வித்தையையும் பயில வேண்டும். தன்னை வேலையினின்று நீக்கக்கூடிய இயந்திரத்தைத் தானே ஆளக் கற்றவனை அது நீக்குவதெங்ஙனம்?

நான்காவதாக, பள்ளிப் படிப்பை விடக்கூடாது. கணக்கும் மொழியும் அறியாத கலைஞனே ஒப்பந்தத்தில் ஏமாறுகிறான். எந்த வேலைக்கும் ஊதியத்தை எழுத்தில் பெற வேண்டும். பெயர் எங்கே இடம்பெறும் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். தொழிலில் இறங்கியபின் தன்னொத்த கலைஞர்களின் சங்கத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். சித்தூரில் பிறந்த சீனிவாசனின் வழி அதுவே.

இவற்றையெல்லாம் எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்புமுன் அந்த அன்பரின் இல்லத்திற்குச் சென்று படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மகனை அழைத்து, "அன்றைக்குக் கல்யாணத்தில் டிரம்ஸ் வாசித்தாரே, அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். பையன் சற்றும் தயங்காமல் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், அவர் எத்தனை ஆண்டுகளாக வாசிக்கிறார் என்பதையும் சொன்னான். அன்று பந்திக்கு வராமல் அவன் விசாரித்தறிந்தவை இவை. பாடகரின் பெயரைக் கேட்டால் எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

"சரி, குச்சியும் பலகையும் வாங்கித் தருகிறேன், மற்றதை அடுத்த தையில் பார்ப்போம்" என்றார் தந்தையார்.

அந்தப் பிள்ளையின் முயற்சி ஓங்குவதாக! ஒன்று மட்டும் நம் அன்பர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். இனி நம் சங்க விழாக்களில் பாடுவோருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, பின்னால் அமர்ந்து தாளம் வாசித்தவரின் பெயரையும் ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லுவோம். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. அவ்வரிசையில் ஒருநாள் நம் வீட்டுப் பிள்ளையே அமர்ந்திருக்கக்கூடும்.